இரண்டு விமானசேவைகள் ஒன்றாகும்போது: வேலைத்தல வழக்கங்களை இணைப்பது எப்படி

இரண்டு விமானசேவைகள் இணைகின்றன என்ற செய்தி வந்த அன்றே ஊழியர் கேட்பது இதைத்தான்: என் சீனியாரிட்டி என்ன ஆகும், சம்பளத்தில் கைவைப்பார்களா, ரோஸ்டர் (வேலைமுறை அட்டவணை) யார் கையில் இருக்கப்போகிறது. நிறுவனத்தின் விழுமியங்கள் என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆனாலும் இணைப்புத் திட்டங்கள் பல அங்கேதான் தொடங்குகின்றன. கொழும்பு காலிமுகத்திடல் பக்கத்து ஹோட்டலில் ஒரு கூட்டம், புதிய லோகோ போட்ட ரீ-சேர்ட், ஐந்து விழுமியங்கள் அச்சடித்த சுவரொட்டி. அந்தச் சுவரொட்டியைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஷிஃப்ட் மாறும் அறையில் ஒட்டியபின்னும், பழைய இரண்டு கூட்டமும் இரண்டு மூலையில்தான் உட்கார்ந்து சாப்பிடும்.

இந்த வழிகாட்டி மனிதவளப் பகுதிக்கும் பகுதித் தலைவர்களுக்கும் உரியது. ஊழியரின் நாளாந்த வாழ்க்கையை நேராகத் தொடுகிற ஏற்பாடுகளை முதலில் தீர்த்துவிட வேண்டும். மனசு பிறகு வரும். எந்த வரிசையில் தீர்ப்பது, எது எங்கே கெட்டுப்போகும் என்பவை கீழே.

முதலில் வழக்கப் பதிவேடு

எழுதிய விதிகள் இரண்டு நிறுவனத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சண்டை வருவது எழுதாதவற்றில். ஆகவே எந்த மாற்றத்துக்கும் முன்னால், ஒவ்வொரு பகுதியிலும் நடைமுறையில் என்ன நடக்கிறது என்று பதிவு செய்யுங்கள்.

இதற்கு முகாமையாளர்களை அனுப்ப வேண்டாம். முகாமையாளர் வந்து நின்றால் எல்லோரும் புத்தகப்படி வேலை செய்வார்கள். நீங்கள் தேடுவது கண்ணில் படாது. ஒவ்வொரு பகுதியிலிருந்தும் பத்துப் பதினைந்து வருடம் வேலை செய்த ஒருவர் மறுபக்கத்துக்குப் போகட்டும், அங்கிருந்து ஒருவர் இங்கே வரட்டும். ஒரு பகல் ஷிஃப்ட், ஒரு இரவு ஷிஃப்ட், போயா (பௌர்ணமி விடுமுறை) சேர்ந்து வரும் நீண்ட வார இறுதி ஒன்று: இந்த மூன்றையாவது அவர் கூட நின்று பார்க்க வேண்டும். ஆள் குறைவான இரவில் எந்த விதி முதலில் விட்டுக்கொடுக்கப்படுகிறது என்பதில்தான் ஒரு நிறுவனத்தின் உண்மையான பழக்கம் தெரியும்.

பதிவேட்டுக்கு நான்கு நிரல் போதும். என்ன வேலை, அந்தப் பக்கத்தில் எப்படி, இந்தப் பக்கத்தில் எப்படி, ஏன் அப்படி. கடைசி நிரலை நிரப்பத்தான் நேரம் எடுக்கும், ஆனால் அதுதான் பதிவேட்டின் உயிர். ஒரு பக்கத்தில் சரக்கறைக் கதவைப் புறப்பாட்டுக்கு 10 நிமிடம் முன்னரும் மறுபக்கத்தில் 5 நிமிடம் முன்னரும் மூடுகிறார்கள் என்றால், காரணம் சோம்பலாக இருக்காது. ஒருவர் பைகளின் எண்ணிக்கையைக் காகிதத்தில் எழுதி ஆளிடம் கொடுத்தனுப்புகிறார், மற்றவர் ரேடியோவில் சொல்கிறார். காரணம் தெரியாமல் 5 நிமிடத்தை எல்லோருக்கும் விதித்தால், காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஏப்ரனில் (விமானங்கள் நிற்கும் தளத்தில்) ஓடும் ஒருவரைத்தான் உருவாக்குவீர்கள்.

கட்டாயம் கேட்க வேண்டியவை:

- ரோஸ்டர் எத்தனை நாளுக்கு முன் வெளியாகிறது, வெளியானபின் யார் மாற்றலாம், இருவர் தமக்குள் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள யாரின் அனுமதி வேண்டும்.
- சுகயீன லீவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதுமா, மருத்துவச் சான்றிதழ் எத்தனையாவது நாளிலிருந்து.
- விமானம் தாமதமானால் காரணத்தைக் காட்டும் தாமதக் குறியீட்டை யார் போடுகிறார். அதற்கு மறுப்புச் சொல்ல வழி இருக்கிறதா.
- புறப்பாட்டை நிறுத்தச் சொல்லும் துணிச்சல் கடைநிலையில் யாருக்கு இருக்கிறது. அதிகாரத்தை அல்ல, துணிச்சலைக் கேளுங்கள்.
- ஊழியருக்கான சலுகைப் பயணச்சீட்டில் காத்திருப்போர் வரிசை சேவைக்காலப்படியா, முதலில் செக்-இன் செய்தவருக்கா.

கடைசிக் கேள்வி சின்ன விஷயமாகத் தெரியும். வெளியிலிருந்து வந்த ஆலோசகர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் லண்டனில் இருக்கும் அக்காவின் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக நின்றவர், மறுபக்கத்திலிருந்து வந்த நேற்றைய பிள்ளைக்கு இருக்கை போனதைப் பார்த்துத் திரும்பினால், அந்தக் கதை ஒரு வாரத்தில் எல்லாப் பகுதிக்கும் போய்ச் சேரும். சலுகைப் பயண விதியை முதல் நாளிலேயே ஒன்றாக்கி எழுத்தில் கொடுங்கள். செலவு குறைவு, பலன் உடனே.

சீனியாரிட்டிப் பட்டியல்

இணைப்பில் மிக நீண்டகாலம் புண்ணாக இருப்பது இது. அமெரிக்காவில் யூஎஸ் எயர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் 2005இல் இணைந்தன. விமானிகளின் பட்டியலை ஒன்றாக்க நடுவர் ஒருவர் 2007இல் தீர்ப்புச் சொன்னார். பழைய யூஎஸ் எயர்வேஸ் விமானிகள் அதை ஏற்கவில்லை. அடுத்த வருடம் பழைய சங்கத்தையே வாக்களித்து வெளியேற்றிப் புதுச் சங்கம் அமைத்தார்கள். பெயரளவில் ஒரே நிறுவனம், விமானி அறையில் பல வருடம் இரண்டு. எயர் இந்தியாவும் இந்தியன் எயர்லைன்ஸும் 2007இல் இணைந்தபின், போயிங் 787 பயிற்சி யாருக்கு என்ற தகராறு 2012இல் ஏறக்குறைய இரண்டு மாத வேலைநிறுத்தமாக வெடித்தது. இணைந்து ஐந்து வருடம் கழித்து!

டெல்டாவும் நோர்த்வெஸ்ட்டும் எதிர்த்திசையில் போனார்கள். 2008 ஒக்டோபரில் இணைப்பு முடியுமுன்பே விமானிகளுடன் கூட்டு ஒப்பந்தம் தயார். பட்டியல் பற்றிய நடுவர் தீர்ப்பு அதே வருடம் டிசம்பரில் வந்தது. இதிலிருந்து எடுக்க வேண்டியது ஒன்றுதான்: பட்டியலை எப்படிப் போடுவது என்பதைவிட எப்போது போடுவது என்பது பெரிது.

முறைகள் அடிப்படையில் இரண்டு. முதலாவது, வேலையில் சேர்ந்த திகதிப்படி. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஒரு நிறுவனம் 40 வருடப் பழையது, மற்றது 10 வருடப் புதியது என்றால், புதியதில் ஆறு வருடமாகக் கெப்டனாக இருப்பவர் பழையதின் துணை விமானிகளுக்குக் கீழே போய்விடுவார். இரண்டாவது, விகிதப்படி. உதாரணமாக ஏ320 விமானிகள் ஒரு பக்கம் 240 பேர், மறுபக்கம் 60 பேர் என்று வையுங்கள். விகிதம் 4:1. பெரிய பக்கத்திலிருந்து முதல் நால்வர், பிறகு சின்ன பக்கத்தின் முதலாமவர் ஐந்தாம் இடத்தில், இப்படியே கீழே வரை. இதில் ஒவ்வொருவரும் தன் பழைய பட்டியலில் நின்ற உயரத்திலேயே நிற்பார். ஆனால் கெப்டன் பதவிக்காகப் பன்னிரண்டு வருடம் காத்திருந்த துணை விமானி, தன்னைவிடப் பத்து வயது இளையவர் மேலே நிற்பதைப் பார்ப்பார்.

இரண்டிலும் யாரோ ஒருவருக்கு வலிக்கும். வலியைத் தாங்கக்கூடியதாக்குவது பட்டியலோடு சேர்த்துப் போடும் காவல்கள்:

முதலாவது, உட்கார்ந்திருக்கும் ஆசனம் பறிபோகாது என்ற உறுதி. புதிய பட்டியல் இனிவரும் வெற்றிடங்களுக்கும் ரோஸ்டர் தெரிவுக்கும் மட்டுமே. இன்று கெப்டனாக இருப்பவரைத் துணை விமானியாக இறக்க அதைப் பயன்படுத்தக் கூடாது.

இரண்டாவது, வேலி. அகல உடல் விமானங்கள் ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்தால், அவற்றின் கெப்டன் ஆசனங்கள் குறித்த காலத்துக்கு அந்தப் பக்கத்தவருக்கே. மூன்று முதல் ஐந்து வருடம் போதும். முடிவுத் திகதி இல்லாத வேலி போட்டால், அது நிரந்தரச் சுவராகிவிடும்.

நடுவரை, பட்டியலின் எந்த வரைவும் வெளியே கசியுமுன் தெரிவு செய்யுங்கள். பெயர்கள் வெளிவந்தபின் நடுவரைத் தேடினால் ஒவ்வொரு பக்கமும் தனக்குச் சாதகமானவரையே தேடும். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ் இரு தரப்பும் சம்மதித்து நடுவரிடம் போக வழி உண்டு. தனியார் ஒப்பந்தத்தைவிட அந்தப் பாதை சங்கங்களுக்கு நம்பிக்கை தரும்.

கேபின் ஊழியருக்குத் தனிப் பட்டியல், பொறியியலாளருக்குத் தனிப் பட்டியல். பொறியியல் பகுதியில் சேர்ந்த திகதியைவிட எந்த வகை விமானத்தைப் பறக்க விடலாம் என்று கையொப்பமிடும் அதிகாரம் இருக்கிறது என்பதுதான் ஒருவரின் மதிப்பு. அங்கே விமானிகளின் சூத்திரத்தைப் பிரதி பண்ண வேண்டாம்.

சம்பளமும் சட்டமும்

சம்பளத் தொகையைவிடச் சம்பளத்தின் அமைப்பு அதிகம் குழப்பும். விஸ்தாராவை எயர் இந்தியாவோடு இணைக்கும் வேலை நடந்தபோது, புதிய ஒப்பந்தத்தில் விமானிகளுக்கு உறுதியான மாதப் பறப்பு மணி 70இலிருந்து 40ஆகக் குறைந்தது. அதற்கு மேல் பறந்தால் காசு உண்டு, ஆனால் உறுதி இல்லை. வீட்டுக் கடன் கட்டுகிறவருக்கு அந்த வித்தியாசம் புரியும். 2024 ஏப்ரலில் விமானிகள் போதாமல் விஸ்தாரா பல பறப்புகளை ரத்துச் செய்ய வேண்டி வந்தது. இணைப்பு முடிந்ததோ அந்த வருடம் நவம்பரில். ஆகவே ஒப்பீட்டு அட்டவணை செய்யும்போது "சராசரி மாத வருமானம்" என்று ஒரு எண் போட்டு நிறுத்தாதீர்கள். உறுதியான பகுதி எவ்வளவு, பறந்தால் வரும் பகுதி எவ்வளவு, பறப்பு குறைவான மாதத்தில் எவ்வளவு என்று மூன்றையும் காட்டுங்கள். ஊழியர் எப்படியும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பார்.

இலங்கையில் கவனிக்க வேண்டிய முதல் புள்ளி பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பள ஊழியருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். ஒருவர் பழைய நிறுவனத்தில் நான்கு வருடம், இணைந்த நிறுவனத்தில் ஐந்து வருடம். கணக்குக்கு எடுக்கும் கடைசிச் சம்பளம் 120,000 ரூபா. சேவை தொடர்ச்சியானது என்றால் 60,000 வீதம் ஒன்பது வருடத்துக்கு 540,000 ரூபா. "இராஜினாமா கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள்" என்று செய்திருந்தால் முதல் நான்கு வருடத்துக்கு ஒன்றும் இல்லை, கிடைப்பது 300,000. அந்த 240,000 ரூபாவை ஊழியர் மறக்கமாட்டார். இராஜினாமாக் கடிதம் கேட்கவே கேட்காதீர்கள். ஊழியரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு, முன்னைய சேவைக்காலம், மீதி லீவு, நிபந்தனைகள் எல்லாம் தொடரும் என்று சொல்லும் இடமாற்றக் கடிதம் கொடுங்கள். சேமலாப நிதியில் முதலாளியின் 12 வீதம், ஊழியரின் 8 வீதம், நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் என்ற பங்களிப்புகள் எந்த மாதத்திலிருந்து எந்த இலக்கத்தின் கீழ் போகும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.

ஆட்குறைப்பு இருக்குமென்றால், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிற்கும். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் வேலைநீக்கம் செய்ய ஊழியரின் முன்கூட்டிய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். "இப்போதைக்கு யாரையும் அனுப்பமாட்டோம்" என்ற வாய்வார்த்தை இதற்குப் பதிலாகாது. இத்தனை மாதத்துக்கு ஆட்குறைப்பு இல்லை என்று திகதி போட்டு எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் வாயைத் திறக்காமல் இருப்பது மேல்.

சங்கங்கள் விஷயத்தில் ஒரு கணக்கைப் பலர் தவறவிடுகிறார்கள். யாருக்காகப் பேரம் பேசுகிறதோ அந்த ஊழியரில் 40 வீதத்துக்குக் குறையாத அங்கத்தவர் உள்ள சங்கத்தோடு முதலாளி பேச மறுக்கக் கூடாது என்கிறது கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தம். சின்ன நிறுவனத்தில் 400 பேரில் 240 பேர் ஒரு சங்கத்தில், 60 வீதம். இணைந்தபின் மொத்தம் 2,400 பேர் என்றால் அதே 240 பேர் 10 வீதம். யாரும் ஒன்றும் செய்யாமலே அந்தச் சங்கம் மேசையை இழக்கிறது. சட்டப்படி உங்களுக்கு வசதிதான். ஆனால் பேச இடமில்லாத 240 பேர் பேசுகிற இடம் வட்ஸ்அப் குழு. புதிய கூட்டு ஒப்பந்தம் கையொப்பமாகும் வரை இரண்டு பக்கச் சங்கங்களையும் ஒரே மேசையில் வைத்திருங்கள்.

விமானி அறையும் கேபினும்

மற்றப் பகுதிகளில் இரண்டு வழக்கத்தையும் கலந்து நல்லதை எடுக்கலாம். இங்கே அது ஆபத்து. ஒரு நிறுவனத்தின் எஸ்ஓபியை, அதாவது எழுதிய இயக்க நடைமுறையை, முழுதாக எடுங்கள், அல்லது இரண்டையும் விட்டுவிட்டு விமானத் தயாரிப்பாளரின் எஸ்ஓபிக்குத் திரும்புங்கள். பெருமைக்காக "இங்கேயிருந்து பாதி, அங்கேயிருந்து பாதி" என்று தைத்த எஸ்ஓபி இரு பக்கத்தவருக்கும் அரைகுறையாகப் பழகியதாக இருக்கும். தயாரிப்பாளரிடம் திரும்புவதில் இன்னொரு நன்மை, யாரும் தோற்றவராக உணரமாட்டார்.

எங்கே கெடும் என்பதற்கு ஒரு கிட்டத்து உதாரணம். இறங்கும்போது விமானம் நிலைப்பட்டுவிட்டதா என்று பார்க்கும் உயரம் ஒரு பக்கத்தில் எப்போதும் 1000 அடி. மறுபக்கத்தில் வெளியே தெளிவாகத் தெரிந்தால் 500 அடி. கலந்த ஜோடி ஒன்று பறக்கிறது. 900 அடியில் வேகம் சற்று அதிகம். 500 அடிக்குப் பழகிய வலப்பக்கத்துத் துணை விமானி தன் பழக்கப்படி அழைப்புக் கொடுக்க வேண்டிய இடம் இன்னும் வரவில்லை. 1000 அடிக்குப் பழகிய இடப்பக்கத்துக் கெப்டனோ அழைப்பு வராததால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்கிறார். இருவரும் தத்தம் புத்தகப்படி சரியாகவே நடந்தார்கள். மௌனத்துக்கு மட்டும் இரண்டு அர்த்தம் இருந்தது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். இரண்டு எஸ்ஓபிகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டு வித்தியாசப் பட்டியல் செய்யுங்கள். வகுப்பறையில் அந்த வித்தியாசங்களை மட்டும் எடுங்கள். எல்லோருக்கும் தெரிந்ததை மறுபடி படிப்பித்தால் தூங்குவார்கள். பிறகு சிமுலேட்டரில், வேண்டுமென்றே கலந்த ஜோடிகளாக, நிலைப்படாத இறக்கமும் மீண்டும் மேலெழுதலும் செய்யவையுங்கள். அதற்குப்பின் பரிசோதக விமானியுடன் நிஜப் பறப்பு. இதெல்லாம் முடியும்வரை ரோஸ்டர் மென்பொருளில் கலப்பு ஜோடிகளைத் தடுத்து வைக்க வேண்டும். சுற்றறிக்கை போட்டால் போதாது. அதிகாலை 3 மணிக்கு ஆள் பற்றாக்குறை வரும்போது சுற்றறிக்கை யாருக்கும் நினைவிருக்காது. மென்பொருள் மறுத்தால்தான் நிற்கும். மாற்றிய கையேடுகள் எல்லாம் இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் பார்வைக்குப் போக வேண்டும், ஆகவே அவர்களின் பரிசோதகர்களை வரைவு நிலையிலேயே உட்காரவையுங்கள். அவசரப்படவும் வேண்டாம்: டெல்டாவும் நோர்த்வெஸ்ட்டும் சட்டப்படி ஒன்றாகி 14 மாதம் கழித்து, 2009இன் கடைசி நாளில்தான் ஒரே இயக்கச் சான்றிதழைப் பெற்றன.

கேபினில் முதலில் ஒன்றாக்க வேண்டியது கதவுக் கட்டளை, அதாவது கதவைத் திறந்தால் அவசரகாலச் சறுக்குமிதவை விரியும்படி ஆயத்தம் செய்யச் சொல்வதும் அதை நீக்கச் சொல்வதும். ஒரு நிறுவனத்தில் "டோர்ஸ் டு ஒட்டோமெட்டிக்", மறுநிறுவனத்தில் "ஆர்ம் டோர்ஸ்". சொல் வேறானாலும் வேலை ஒன்று என்று விட்டுவிடத் தோன்றும். தரையிறங்கியபின் சலனம், பயணிகள் எழுந்துவிட்டார்கள், பழக்கமில்லாத கட்டளை ஒன்று ஒலிபெருக்கியில் வருகிறது, எதிர்க்கதவுக்காரரோடு சரிபார்க்கும் அந்த நொடி நழுவுகிறது. ஏ320இன் கதவை வெளியிலிருந்து திறந்தால் சறுக்குமிதவை தானாகச் செயலிழக்கும். உள்ளேயிருந்து திறந்தால் செயலிழக்காது, மிதவை வெடித்து விரியும். வெளியே படியில் நிற்கும் உணவு ஏற்றும் பையனுக்கு உயிராபத்து, விமானத்துக்குப் புதிய மிதவை வரும்வரை நிறுத்தமோ பயணிகள் குறைப்போ. அவசரகால வெளியேற்றக் கட்டளைகளும் இப்படியே, சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்க வேண்டும்.

இளையவர் வாய்திறப்பது பற்றியும் ஒரு சொல். 1977 மார்ச் 27இல் ஸ்பெயினின் தெனெரீஃப் தீவில் இரண்டு ஜம்போக்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்ற சந்தேகம் கேஎல்எம் விமானத்தின் பறப்புப் பொறியியலாளர் வாயில் வந்தது. மூத்த கெப்டன் அதைத் தள்ளிவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தார். இணைப்புக் காலத்தில் இந்த ஆபத்து இரட்டிப்பாகும், ஏனென்றால் பதவி வித்தியாசத்தோடு "நான் விழுங்கப்பட்ட நிறுவனத்து ஆள்" என்ற கூச்சமும் சேரும். கலப்பு ஜோடிகளுக்கான சிமுலேட்டர் பயிற்சியில், கெப்டன் வேண்டுமென்றே ஒரு தவறு செய்யட்டும். துணை விமானி இரண்டாம் முறையும் சொல்லாவிட்டால் அந்தப் பயிற்சி தேறவில்லை என்று வையுங்கள்.

ஹேங்கரும் ஏப்ரனும்

ஹேங்கரில் பார்க்க வேண்டியது கருவிக் கட்டுப்பாடு. ஒரு பக்கத்தில் இலக்கமிட்ட பித்தளை வில்லையை மாட்டிவிட்டு ஸ்பேனரை எடுப்பார்கள், மறுபக்கத்தில் பார்கோட் வாசிப்பார்கள். இரண்டும் ஒரே கருவி அறையில் ஓடினால், ஷிஃப்ட் முடிவில் பலகையில் வில்லை இல்லை, திரையிலோ கருவி வெளியே. அது விமானத்துக்குள் இருக்கிறதா என்று தெரியும்வரை விமானத்தை விடமுடியாது. ஒரே இரவில் ஒரு முறைக்கு மாறுங்கள். ஷிஃப்ட் கைமாற்றுக் குறிப்பும் அப்படியே: பாதியில் நிற்கும் வேலைகளை வாயால் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் இரு பக்கமும் ஒருவரையொருவர் தெரிந்தபோது ஓடியது, முகம் தெரியாதவரிடம் கைமாறும்போது எழுத்தில்லாமல் ஓடாது.

ஏப்ரனில் வேகம்தான் பிரச்சினை. மலிவு விமானசேவையில் பழகியவர் ஒரு ஏ320ஐ அரை மணியில் திருப்பி அனுப்பப் பார்ப்பார். முழுச் சேவைக்காரருக்கு அது முக்கால் மணிக்கு மேல். முதலாமவர் இரண்டாமவரைச் சோம்பேறி என்பார், இரண்டாமவர் முதலாமவரை அவசரக்குடுக்கை என்பார். உண்மையில் ஏற்றும் உணவும் சுத்தம் செய்யும் அளவும் வேறு. நம் நாட்டில் மிஹின் லங்காவும் ஸ்ரீலங்கனும் மலிவு, முழுச் சேவை என்று இரு வகை. 2016 ஒக்டோபர் இறுதியோடு முதலாவது நின்று, அதன் வழித்தடங்கள் இரண்டாவதற்குப் போயின. அப்படியொரு இணைப்பில், எந்தச் சேவையைக் கொடுக்கப்போகிறோம் என்று வணிகப் பகுதி முடிவு செய்யுமுன் திருப்பும் நேரத்தைப் பற்றி ஏப்ரனில் விவாதிக்க விடாதீர்கள்.

மொழி, பெயர், வேன்

தலைமை அலுவலகக் கூட்டம் ஆங்கிலத்தில், ஏப்ரன் சிங்களத்தில், தமிழ் அறிவித்தல் இரண்டு வாரம் கழித்து. கொழும்பில் இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. இணைப்புக் காலத்தில் இந்த இரண்டு வார இடைவெளியை வதந்தி நிரப்பும். விதி எளிது: மூன்று மொழியும் தயாராகும்வரை எந்த மொழியிலும் வெளியிட வேண்டாம். தமிழ் வரைவை மொழிபெயர்ப்பாளரிடம் வாங்கியபின், தமிழ் வாசிக்கும் ஒரு சுமையேற்றும் ஊழியரிடம் கொடுத்து, விளங்கியதைத் தன் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் வரியைத் திருத்துங்கள். லீவு பற்றிய அறிவித்தலில் ஒரு சொல் மாறினாலும், தமிழ் ஊழியருக்கு மட்டும் வேறு விதி என்ற கதை கிளம்ப அது போதும்.

இரண்டு ஊழியர் தரவுத்தளங்களை ஒன்றாக்கும்போது பெயர்களில் கைவையுங்கள், இல்லையென்றால் கணினி கைவைக்கும். தகப்பன் பெயர் சிவராசா, பிள்ளையின் பெயர் தர்ஷினி. பழைய முறையில் "எஸ். தர்ஷினி". புதிய மென்பொருள் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் கட்டாயமாக்கி, அதில் தகப்பன் பெயரைப் போட்டு, அதையே பெயர்ப்பட்டையில் அச்சடித்துவிடும். செக்-இன் மேசையில் அந்தப் பிள்ளையைப் பயணிகள் சிவராசா என்று கூப்பிடுவார்கள். சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் அதே குழப்பம் தேசிய அடையாள அட்டையோடு பொருந்தாத பெயராகச் சேமலாப நிதிப் பதிவுக்குப் போனால், காசு எடுக்கும் நாளில் அலைய வேண்டிவரும். ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டைப்படி முழுப்பெயர், பட்டையில் வேண்டிய பெயர் என்று இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

விளிக்கும் முறையில் சட்டம் போடாதீர்கள். ஒரு பக்கத்தில் கெப்டனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், மறுபக்கத்தில் "சேர்" இல்லாமல் வாக்கியம் முடியாது. மூத்தவர் இளையவரைச் சிங்களத்தில் மல்லி, நங்கி என்பதும் தம்பி, தங்கச்சி என்பதும் அப்படியே இருக்கட்டும், காலப்போக்கில் ஒரு நடுவழி வரும். ஒரேயொரு இடத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: ஹெட்செட்டிலும் ரேடியோவிலும் உறவுமுறையோ மரியாதைச் சொல்லோ வேண்டாம், நிர்ணயித்த சொற்கள் மட்டும்.

லீவுக் கலண்டரில் தைப்பொங்கல், சித்திரைப் புதுவருடம், நோன்புப் பெருநாள், வெசாக், தீபாவளி, நத்தார் எல்லாவற்றுக்கும் யார் எதை விட்டுக்கொடுப்பது என்பதில் இரு நிறுவனத்திலும் பேசாமல் ஓடிய உடன்பாடுகள் இருந்திருக்கும். இணைந்தால் அவை இரண்டும் உடையும். முதல் வருடத்துக்கு ஆளுக்கு இரண்டு நாளை முன்கூட்டியே தெரிவு செய்யவிட்டு, மீதியைச் சுழற்சியில் கொடுப்பது தகராறு குறைந்த வழி.

கடைசியாக வேன். வெள்ளவத்தையிலிருந்து கட்டுநாயக்க 35 கிலோமீற்றருக்கு மேல். அதிகாலைப் பறப்புக்கு நள்ளிரவு தாண்டியதுமே புறப்பட வேண்டும். ஒரு நிறுவனத்தின் வேன் வீட்டு வாசலுக்கு வரும், மற்றதன் வேன் காலி வீதிச் சந்தியில் நிற்கும். ஒரு பக்கம் புறப்பாட்டுக்கு 90 நிமிடம் முன், மறுபக்கம் 60 நிமிடம் முன் கையொப்பமிட வேண்டும். இரண்டையும் ஒரே வேனில் ஏற்றினால் ஒருவர் அரை மணி தூக்கத்தை இழக்கிறார், அதுவும் மற்றவருக்காக. முதலில் வரவு நேரத்தை ஒன்றாக்குங்கள், பிறகு வேனை. வாசலுக்கு வரும் வசதியைப் பறித்துச் சமப்படுத்த வேண்டாம். இரவு 10இலிருந்து காலை 5 வரை பெண் ஊழியருக்கு அது பாதுகாப்பு, சலுகை அல்ல.

எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது

கருத்துக்கணிப்புப் படிவத்தை நம்பாதீர்கள். வேலை போகுமோ என்று பயப்படுகிறவர் எல்லாக் கட்டத்திலும் "திருப்தி" என்று போடுவார். மாதாமாதம் பழைய நிறுவனம் வாரியாகப் பிரித்து இவற்றைப் பாருங்கள்: சுகயீன லீவு, விலகல், ஊழியர் தாமாகவே கொடுக்கும் பாதுகாப்பு அறிக்கைகள், இரு பக்கத்தவர் தமக்குள் மாற்றிக்கொண்ட ஷிஃப்ட்கள். பாதுகாப்பு அறிக்கைகள் திடீரென்று குறைந்தால் சந்தோஷப்பட வேண்டாம். தவறுகள் குறையவில்லை, சொன்னால் தண்டனை வருமோ என்று பயந்துவிட்டார்கள். அறிக்கையைப் பெறும் அலுவலர்களில் இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் இருக்கிறாரா என்று அந்த வாரமே பாருங்கள். கலப்பு ஷிஃப்ட் மாற்றம் நல்ல அளவுகோல், ஏனென்றால் மாற்றிக்கொள்ள ஒருவரின் தொலைபேசி இலக்கம் உங்களிடம் இருக்க வேண்டும், அவர் வருவார் என்ற நம்பிக்கையும் வேண்டும். எவரும் அதைக் கட்டாயப்படுத்த முடியாது.

கலந்து பறப்பதற்கு எவ்வளவு காலம் எடுக்கலாம் என்பதற்கு மேல் எல்லை ஒன்று: யுனைட்டெட்டும் கொன்டினென்டலும் 2010இல் இணைந்தன, கேபின் ஊழியர் கூட்டு ஒப்பந்தம் 2016இல், ஒன்றாகப் பறந்தது 2018 ஒக்டோபரில். அவ்வளவு இழுக்க விடாதீர்கள், ஆனால் ஆறு மாதத்தில் முடிப்பதாகப் பணிப்பாளர் சபைக்கு வாக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

இணைப்புக் குழுவை ஒரு முழு வருடமாவது கலைக்காதீர்கள். ஏப்ரல் நெரிசல், டிசம்பர் நெரிசல் இரண்டையும் ஒரே ரோஸ்டரில் தாண்டியிருக்க வேண்டும். கலைக்கும்போது வழக்கப் பதிவேட்டைப் பகுதித் தலைவர்களிடம் பிரித்துக் கொடுங்கள். எந்த வரியில் இன்னும் இரண்டு வழக்கம் ஓடுகிறதோ, அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு பெயரும் ஒரு திகதியும் எழுதியபின்.